வீடியோ எடுக்கலாம் வாங்க! – கேமரா கடையிலிருந்து சின்னத்திரை வரை



நமது மாணவர் பேரவை வீடியோ பிரிவு ஒன்றைத் தொடங்கப் போகிறது என்பது உங்கள் அனைவருக்கும் தெரியும். அதற்கென ஒதுக்கப்பட்டிருக்கும் தொகை 60,000 ரூபாய். இது யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த நன்கொடை அல்ல. அட்மிஷன் அன்று நாம் ஒவ்வொருவரும் வரிசையில் நின்று கட்டிய சந்தாப் பணம். காலையில் பால் ஊற்றிவிட்டு, பேப்பர் போட்டுவிட்டு வகுப்புக்கு வருகிற நண்பர்களின் பணமும் இதில் இருக்கிறது. ஆகவே இதை எப்படிச் செலவு செய்வது என்பது எல்லோரும் யோசிக்க வேண்டிய விஷயம்.

கேன்டீனில் இப்போது இரண்டு கட்சி. "மொத்தப் பணத்துக்கும் ஒரே ஒரு நல்ல கேமரா வாங்கிடணும்" என்பது ஒரு கட்சி. "எல்லார் கையிலயும் செல்போன் இருக்கு, எதுக்கு வெட்டிச் செலவு?" என்பது மறு கட்சி. பொதுக்குழுவில் ஓட்டுக்கு விடப் போகிறார்கள். ஓட்டுப் போடுவதற்கு முன் விஷயம் தெரிந்து போட்டால் நல்லதுதானே! அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

என்னுடைய தகுதி என்ன என்று கேட்பீர்கள். என் சித்தப்பா எங்கள் வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர். கேசட் காலத்தில் தோளில் பெரிய வி.எச்.எஸ். கேமராவைச் சுமந்து தொழில் ஆரம்பித்தவர். ஒன்பதாம் வகுப்பு லீவிலிருந்து அவருக்கு லைட் பிடித்தவன் நான். அங்கே கையால் கற்றதும், இங்கே எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் காதால் கேட்டதும் சேர்ந்ததுதான் கீழே இருப்பது.

எங்கே காட்டப் போகிறோம்?

கடைக்குப் போகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, "எந்தக் கேமரா?" என்பதல்ல. "எடுத்ததை எங்கே காட்டப் போகிறோம்?" என்பதே. நண்பர்களின் செல்போனுக்குள் மட்டும் சுற்றப் போகிறது என்றால் எதில் எடுத்தாலும் ஓடும். தொலைக்காட்சியில் வர வேண்டும் என்றால் அதற்கென்று சில விதிகள் உண்டு.

அதில் முக்கியமானது ஒரு நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு. நம் நாட்டுத் தொலைக்காட்சி பி.ஏ.எல். முறையில் வளர்ந்தது. 625 கோடுகள், நொடிக்கு 25 படம். ஒவ்வொரு படத்தையும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரண்டாகப் பிரித்து அனுப்புவதால் நொடிக்கு 50 பாதிப் படங்கள். இன்று எச்.டி. வந்து 1920-க்கு 1080 என்று அளவு மாறினாலும், அந்த 25-ம் 50-ம் மாறவில்லை. அமெரிக்காவில் கணக்கு வேறு; அங்கே ஏறக்குறைய 30 படம். நம் கையிலுள்ள செல்போன்கள் பெரும்பாலும் அந்த 30-லேயே வைக்கப்பட்டு வருகின்றன. 30-ல் எடுத்ததை 25 ஆக மாற்றினால் நொடிக்கு ஐந்து படத்தை எங்காவது வெட்டியாக வேண்டும். பஸ் போகிற காட்சியில் பஸ் விக்கி விக்கிப் போவது அதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. இது எலக்ட்ரிகல் நண்பர்களுக்குப் பிடிக்கும். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கேமராவின் ஷட்டரை 50-ல் ஒரு நொடி என்று வைத்தால் ஒவ்வொரு படத்திலும் சரியாக இரண்டு துடிப்பு விழும். 100-ல் ஒரு நொடி என்றால் ஒரு துடிப்பு. எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். 60-ல் ஒரு நொடி என்று வைத்தால் ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக வந்து, படத்தில் கறுப்புப் பட்டைகள் மிதக்க ஆரம்பிக்கும். நம் ஒர்க்‌ஷாப்பில் எடுத்த பல வீடியோக்களில் லேத் மெஷினுக்கு மேலே பட்டை பட்டையாக ஓடுவதன் ரகசியம் இதுதான்.

ஆகவே முதல் விதி: 25 படம், 50-ல் ஒரு நொடி ஷட்டர். இதைக் கையால் வைக்க முடியாத எந்தக் கருவியும், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், நமக்கு வேண்டாம்.

கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?

கடைக்காரர் முதலில் சொல்வது "4கே சார்!" என்பதுதான். 4கே என்பது எத்தனை புள்ளிகள் என்ற எண்ணிக்கை மட்டும். அந்தப் புள்ளிகளில் விழும் வெளிச்சம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது சென்சாரின் அளவும் லென்சும். முழு ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். ஒரு இஞ்ச் சென்சார் என்று விற்கப்படுவது சுமார் 13-க்கு 9 மில்லிமீட்டர்தான். செல்போனில் இருப்பது பெரும்பாலும் அதைவிடச் சிறியது. சின்னச் சென்சாரைக் கொண்டு சாயங்காலம் ஆறரை மணிக்குத் தெருவில் எடுத்துப் பாருங்கள், படம் முழுக்க மணல் வாரி இறைத்த மாதிரி இருக்கும்.

பட்டப்பகலில் செல்போனின் பிரச்சினை நேர் எதிரானது. பெரும்பாலான செல்போனில் லென்சின் துவாரத்தைக் குறைக்க வழியில்லை. வெயில் அதிகமானால் அது தானாகவே ஷட்டரை வேகமாக்கிக்கொள்ளும். நடக்கிற ஆள் பொம்மை மாதிரி வெட்டி வெட்டி நடப்பார். இதற்கு லென்சின் முன்னால் கறுப்புக் கண்ணாடி போல ஒரு என்.டி. ஃபில்டர் மாட்டினால் போதும். நமக்குக் கூலிங் கிளாஸ் மாதிரி அதற்கு அது!

கேமரா வாங்குவதாக இருந்தால் பார்க்க வேண்டியவை இவை. வெளியிலிருந்து மைக் செருகும் வழி இருக்கிறதா? காதில் ஹெட்போன் போட்டுக் கேட்கும் வழி இருக்கிறதா? ஃபோகஸ், வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் கையால் நிறுத்தி வைக்க முடிகிறதா? நிறுத்தாமல் ஒரு மணி நேரம் ஓடுமா, சூடாகி நின்று விடுமா? ஜூம் என்றால் லென்ஸ் ஜூமா, படத்தை இழுத்துக் காட்டும் டிஜிட்டல் ஜூமா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் "ஆமாம்" என்று பதில் வருகிற பழைய கேமரா, பதில் வராத புதிய கேமராவைவிட மேல்.

கண்ணைவிடக் காது முக்கியம்

சித்தப்பா அடிக்கடி சொல்வார்: "படம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா ஜனங்க பொறுத்துக்குவாங்கடா. பேசுறது கேக்கலைன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்க." இதில் அறிவியல் இருக்கிறது.

மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஒரு அடியில் இருந்த மைக் எட்டு அடிக்குப் போனால், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, மூன்று இரட்டிப்பு: 18 டெசிபல் போச்சு! ஆனால் சுற்றியுள்ள இரைச்சல் அப்படியே இருக்கும். கேமராவிலேயே இருக்கிற மைக் எவ்வளவு உசத்தியானது என்றாலும் அது எட்டு அடி தள்ளித்தானே நிற்கிறது? விலை குறைந்த காலர் மைக் ஒன்றை மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் மாட்டினால் அது ஜெயித்துவிடும்.

இது ஏன் நமக்கு முக்கியம் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். வீடியோ பிரிவின் முதல் படமாக நாங்கள் சிலர் நினைத்து வைத்திருப்பது எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றியது. கண்மாயில் எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று கணக்கு வைத்திருந்த நீர்பாய்ச்சி ஒருவர் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவர் வாயில் இருக்கிறது. போய்க் கேட்டபோது, "எடுக்கிறதுன்னா சீக்கிரம் எடுங்க தம்பி, எனக்கே பாதி மறந்து போச்சு" என்றார். மெல்லிய குரல், பல்லும் இல்லை. பக்கத்து வயலில் எந்நேரமும் டீசல் எஞ்சின் ஓடுகிறது. அவர் முகத்தை எத்தனை லட்சம் புள்ளிகளில் எடுத்தாலும், சொல்வது புரியவில்லை என்றால் அந்தப் படம் எதற்கு? நமக்கு மைக்தான் முதல் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

மைக்கில் நமக்கு வேண்டியவை மூன்று வகை. ஒன்று, காலர் மைக் – பேட்டிக்கு. வயர்லெஸ் செட்டாக வாங்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வதாகப் பார்த்து வாங்க வேண்டும். அந்த அலைவரிசைக்கு நம் நாட்டில் தனி உரிமம் தேவையில்லை. இரண்டு, ஷாட்கன் மைக் – நீண்ட குழாய் மாதிரி இருக்கும், முன்னால் வருவதை மட்டும் கூர்ந்து கேட்கும். மூன்று, கையில் பிடிக்கும் டைனமிக் மைக் – தெருவில், கூட்டத்தில், கீழே விழுந்தாலும் உழைக்கும். ஷாட்கன் மைக்குகள் பலவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரத்தை வயரிலேயே அனுப்ப வேண்டும். அந்த வசதி ரெக்கார்டரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வயரிலும் விஷயம் இருக்கிறது. மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். வயர் என்பது நாம் படித்த டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர் பாடத்தின் நேரடி உதாரணம். ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் எதிரெதிர் திசையில் போகிறது. வழியில் கரண்ட் வயரிலிருந்து ஏறும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும். கடைசியில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது ஒலி கூடி, இரைச்சல் அடிபட்டுப் போகும். செமஸ்டரில் 'காமன் மோட் ரிஜெக்‌ஷன்' என்று எழுதி மார்க் வாங்கினோமே, அதுவேதான்!

ரெக்கார்டிங்கை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். வீடியோவுக்கு அதுதான் வழக்கம், 44.1 என்பது பாட்டு சி.டி.க்கு. அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் ஆடட்டும். டிஜிட்டலில் பூஜ்யத்தைத் தாண்டியது உடைந்தது உடைந்ததுதான், எந்த எடிட்டராலும் ஒட்ட வைக்க முடியாது. ஹெட்போன் போடாமல் ரெக்கார்டிங் செய்யவே கூடாது.

ஸ்டாண்டும் வெளிச்சமும்

ஸ்டாண்டில் ஏமாறுவது சுலபம். போட்டோவுக்கான ஸ்டாண்டில் தலை உருண்டையாக இருக்கும், அல்லது உலோகத்தோடு உலோகம் உரசும். மெல்லத் திருப்பினால் தடுக்கித் தடுக்கித் திரும்பும். வீடியோவுக்கு ஃப்ளூயிட் ஹெட். உள்ளே பிசுபிசுப்பான திரவம் இருப்பதால் வழுக்கிக்கொண்டு திரும்பும். கேமரா ஐந்து வருடத்தில் பழசாகும், நல்ல ஸ்டாண்டு நமக்குப் பின்னால் வரும் மூன்று நான்கு செட் மாணவர்களுக்கும் உழைக்கும்.

வெளிச்சத்துக்கு இலவச வழியே முதல் வழி: சூரியனும் ஒரு தெர்மாகோல் ஷீட்டும். வெயிலை முதுகுப் பக்கம் வைத்து ஆளை நிறுத்தி, முன்னாலிருந்து தெர்மாகோலால் முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பினால் முகம் பளிச்சென்று வரும். சினிமாக்காரர்களும் செய்வதுதான். எல்.இ.டி. லைட் வாங்கும்போது வாட்ஸ் மட்டும் பார்க்காதீர்கள். சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும்; நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. 95-க்கு மேல் இருக்கட்டும். குறைந்தால் மாநிறமான முகம் பச்சையாகத் தெரியும். பகல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின், குண்டு பல்பு அதைவிட மஞ்சள், சுமார் 3200-க்கும் கீழே. இரண்டையும் ஒரே ஷாட்டில் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ஆரஞ்சு!

கொஞ்சம் கணக்கு

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதுகிற கேமரா என்று வைத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு 750 மெகாபைட், ஒரு மணிக்கு 45 கிகாபைட். 64 கிகாபைட் கார்டு சுமார் 85 நிமிடம் தாங்கும். கார்டின் மேல் 'வி 30' என்று போட்டிருந்தால் குறைந்தது நொடிக்கு 30 மெகாபைட் எழுதும் என்று பொருள், நமக்குத் தாராளம். கூடவே ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும். ஒன்றில் மட்டும் இருப்பது இல்லாததற்குச் சமம் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் பாடம்.

பேட்டரியும் அப்படியே. 7.2 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர் மணி என்றால் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 16 வாட் மணி. 8 வாட் லைட் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எரியும். கண்மாய்க் கரையில் பிளக் பாயிண்ட் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேட்டரி வாங்குங்கள்.

60,000 ரூபாய்: என் யோசனை

மைக்குகள், ரெக்கார்டர், ஹெட்போன்: 18,000. ஃப்ளூயிட் ஹெட் ஸ்டாண்டு: 9,000. லைட்டும் அதன் பேட்டரியும்: 8,000. கார்டும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும்: 12,000. செல்போனை ஸ்டாண்டில் பிடிக்கும் கிளாம்ப், என்.டி. ஃபில்டர், வயர் வகையறா: 4,000. ரிப்பேருக்கும் வாடகைக்கும் கையிருப்பு: 9,000. ஆக மொத்தம் 60,000.

கேமரா எங்கே என்று கேட்கிறீர்களா? முதல் வருடம் நம்மிடம் இருக்கும் நல்ல செல்போன். ஷட்டரையும் படக் கணக்கையும் கையால் வைக்க உதவும் ஆப் போட்டுக்கொள்ளலாம். இருட்டில் எடுக்க வேண்டிய நாளில் மட்டும் கேமராவை வாடகைக்கு எடுக்கலாம். கல்யாண முகூர்த்தம் இல்லாத நாளில் வாடகையும் பேசித் தீர்க்கலாம். கேமரா மாடல் வருடா வருடம் மாறும். மைக்கும் ஸ்டாண்டும் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அடுத்த வருடம் நாம் என்ன எடுக்கிறோம் என்று தெரிந்த பிறகு கேமரா வாங்கினால் பணம் வீணாகாது.

பொதுத் தொலைக்காட்சி என்பது யாருடையது?

சரி, எடுத்தாச்சு. எங்கே போடுவது? இங்கேதான் பலர் தூர்தர்ஷனை மறந்துவிடுகிறார்கள்.

தூர்தர்ஷன் டில்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல். கலர் வந்தது 1982-ல். 'ஒலியும் ஒளியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடியதையும், மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கத்தியதையும் நம் அப்பா அம்மாக்கள் இன்னும் சொல்கிறார்கள். விவசாயிகளுக்கென்று 'வயலும் வாழ்வும்' வந்ததும் அங்கேதான். அதே தமிழ்ச் சேனல் 2000-ல் பொதிகை ஆகி, 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் என்று பெயர் மாறியது. ஆன்டெனாவுக்கு வந்துகொண்டிருந்த பழைய அனலாக் ஒளிபரப்பு அநேகமாக எல்லா ஊரிலும் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கேபிளிலும், மாதச் சந்தா இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ்ஷிலும் பார்க்கலாம்.

தொலைக்காட்சியை ஊர் மக்களே பயன்படுத்த முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை 'சைட்' என்ற திட்டத்தில் ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிஜ் என்ற கிராமத்தில் ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டர் வைத்து, கிராமத்து ஜனங்களையே பேச வைத்தும் நடிக்க வைத்தும் அவர்கள் பிரச்சினைகளையே நிகழ்ச்சியாக்கினார்கள். இஸ்ரோ முன்னின்று நடத்திய வேலை அது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1990-ல் இயற்றி 1997-ல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டத்தின் 12-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். கல்வி, விவசாயம், கிராம வளர்ச்சி, சுற்றுச்சூழல், அறிவியல் ஆகியவற்றுக்குத் தனிக் கவனம் தர வேண்டும், இளைஞர்களின் தேவைக்கேற்ற நிகழ்ச்சிகள் தர வேண்டும் என்றெல்லாம் கடமைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. 1995-ல் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு ஒன்றில் அலைவரிசை என்பது பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனந்த் பட்வர்த்தன் எடுத்த ஆவணப்படம் ஒன்றை ஒளிபரப்பத் தூர்தர்ஷன் மறுத்தபோது, அதை ஒளிபரப்ப வேண்டும் என்று 2006-ல் தீர்ப்பு வந்தது. ஆக, அந்தக் கதவைத் தட்ட நாம் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

தட்டுவது எப்படி?

படத்தை எடுத்துக்கொண்டு நேரே போய் "இதைப் போடுங்க சார்" என்றால் போட மாட்டார்கள். வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பங்கேற்பாளராகப் போவது. விவாதம், அறிவியல், இளைஞர் நிகழ்ச்சிகளுக்கு மாணவர்கள் தேவைப்படுவார்கள். முதல்வர் கையெழுத்தோடு கல்லூரிக் கடிதத் தாளில் நிகழ்ச்சிப் பிரிவுக்கு எழுத வேண்டும். கடிதம் ஒரே பக்கம். நாம் யார், என்ன விஷயம், யார் பேசுவார்கள், எந்த நிகழ்ச்சிக்குப் பொருந்தும். "எங்களுக்கு வாய்ப்புத் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் ஃபைலில் போய்விடும். "எங்களிடம் இந்த விஷயம் இருக்கிறது, உங்கள் விவசாய நிகழ்ச்சிக்கு எட்டு நிமிடம் பொருந்தும்" என்று எழுதினால் படிப்பார்கள். எழுதும் முன் அந்த நிகழ்ச்சியை ஒரு மாதமாவது பார்த்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது வழி, வேலைக்காரராகப் போவது. கேமரா, எடிட்டிங், செய்தி சேகரிப்பு ஆகியவற்றுக்குத் தற்காலிகமாக ஆள் எடுக்கும் அறிவிப்புகள் பிரசார் பாரதி இணையதளத்தில் வரும். டிப்ளமோ முடித்த கையோடு பார்த்துக்கொண்டே இருங்கள். பாலிடெக்னிக்காரனுக்கு இது புதுசும் இல்லை. இன்று தரமணியில் இருக்கும் அரசு திரைப்படக் கல்லூரியே 1945-ல் சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத் தொடங்கியதுதான்!

மூன்றாவது வழி, தயாரிப்பாளராக யோசனை கொடுப்பது. இது எப்போதும் திறந்திருக்கும் கதவல்ல. யோசனை கேட்டு அறிவிப்பு வரும்போது, அதன் நிபந்தனைப்படி கொடுக்க வேண்டும். பெரும்பாலும் பதிவு செய்த நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். 2024 நவம்பரில் பிரசார் பாரதி 'வேவ்ஸ்' என்ற இணையவழிச் சேவையையும் தொடங்கியிருக்கிறது. அதன் அறிவிப்புகளையும் கவனியுங்கள்.

பக்கத்துக் கதவு: உள்ளூர்க் கேபிள்

ஊர்த் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா காட்டுகிற லோக்கல் சேனல்தான் நமக்கு மிக அருகில் இருப்பது. அந்தக் காலத்தில் கேபிள்காரர் தன் அறையில் ஒரு வி.சி.ஆரைச் செருகினால் ஊர் முழுக்கத் தெரியும். 2011 சட்டத் திருத்தத்துக்குப் பின் செட்டாப் பாக்ஸ் வந்து, சேனல்கள் பெரிய நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வருகின்றன. ஆகவே தெருமுனை ஆபரேட்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, "இந்தச் சேனல் எங்கிருந்து வருது, யார்கிட்ட கொடுக்கணும்?" என்பது.

1995 கேபிள் சட்டத்தின் நிகழ்ச்சி விதிகள் உள்ளூர்ச் சேனலுக்கும் உண்டு. யாரையாவது அவதூறாகப் பேசினாலோ, சாதி மதத்தை இழிவு செய்தாலோ, நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்துக்கு இருக்கிறது, மாட்டுவது ஆபரேட்டர். அவர் தயங்குவதில் நியாயம் உண்டு. உண்மையைச் சரிபார்த்திருக்கிறோம், பேசியவர் சம்மதித்திருக்கிறார் என்று கடிதத்தோடு போனால் தயக்கம் குறையும்.

ஒரு சின்னக் குறையையும் சொல்ல வேண்டும். சமுதாய வானொலிக்குக் கல்வி நிறுவனங்கள் உரிமம் பெறலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2004-லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் பல ஊர்களில் கேபிளில் பொதுமக்களுக்கென்றே சேனல் ஒதுக்குகிறார்கள். 1984 கேபிள் சட்டம் அதற்கு வழி செய்தது. நம் நாட்டில் சமுதாயத் தொலைக்காட்சிக்கு அப்படி உரிமம் இல்லை. அது வரும் வரை மேலே சொன்ன கதவுகள்தான்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

1. பேசியவர்களின் சம்மதக் கடிதம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கேமரா முன்னாலேயே விவரத்தைச் சொல்லி, சம்மதத்தைப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோர் கையெழுத்து.
2. எடுத்த இடத்தின் அனுமதி.
3. இசை. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் அந்த இடத்திலேயே நம் படம் நின்றுவிடும், பாட்டுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். நம் ஹாஸ்டலில் நாதஸ்வரம், கீபோர்டு வாசிப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களைச் சொந்தமாக மெட்டுப் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.
4. எழுத்துகளைத் திரையின் ஓரத்திலிருந்து ஐந்து சதவீதமாவது உள்ளே தள்ளிப் போடுங்கள். பழைய டி.வி.க்களில் ஓரம் வெட்டுப்படும்.
5. யார் எடுத்தது, எத்தனை நிமிடம், என்று எடுத்தது என்ற விவரத் தாள். படத்தோடு கூடவே இருக்கட்டும்.

நண்பர்களே! சிவில்காரர்களுக்கு மடையின் கட்டுமானம் தெரியும், மெக்கானிகல்காரர்களுக்கு டீசல் எஞ்சின் தெரியும், எலக்ட்ரிகலுக்கு லைட்டு, எங்களுக்கு மைக்கு. ஒரு படம் எடுக்கத் தேவையான ஆட்கள் எல்லோரும் இந்த ஒரே வளாகத்தில் இருக்கிறோம். நம் ஊரைப் பற்றி நாம் எடுக்கவில்லை என்றால் வெளியூரிலிருந்து யாரும் வந்து எடுக்கப் போவதில்லை. பொதுக்குழுவில் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாலும், கணக்குப் போட்டுப் பார்த்துப் போடுங்கள். கண்மாய்ப் படத்துக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார இரண்டு பேர் தேவை. விருப்பமுள்ளவர்கள் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வந்து பெயர் கொடுக்கலாம். தண்ணீர் வடிவதற்குள் போக வேண்டும்.

வாழ்த்துக்கள்! வளர்க நம் பேரவை!

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை